பைக்கில் காலைச் சுடும் இன்ஜின் சூடு: டிஃப்ளெக்டர் தகடு பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் கிளம்பி மணலி, மாதவரம், செங்குன்றம் வழியாக ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து நெல்லூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காரனோடை தாண்டியபின் வரும் நூறு கிலோமீட்டரில் கால் வலிக்காது. அதற்கு முன்னால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்கிற முக்கால் மணி நேரத்தில் முழங்காலின் உள்பக்கமும் கெண்டைக்காலும் வெந்துவிடும். அந்தச் சூட்டைக் காலிலிருந்து விலக்கும் தகடுகளைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

டிஃப்ளெக்டர் போட்டால் வண்டியின் சூடு குறையுமா?

குறையாது. தகடு சூட்டின் வழியைத்தான் மாற்றும். இன்ஜின் வெளியே தள்ளும் வெப்பம் முன்பு இருந்த அளவேதான் இருக்கும். அது உங்கள் தொடையைத் தொட்டுவிட்டுப் போகிறதா, தொடாமல் போகிறதா என்பதுதான் வித்தியாசம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. சூடான காற்றுக்கு வேறு வழி விடாமல் குறுக்கே தகட்டை நிறுத்தினால், அந்தக் காற்று இன்ஜினைச் சுற்றியே தேங்கும். கால் தப்பிக்கும், வண்டி வேகும்.

இரண்டு வகைத் தகடுகள் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, ஓடும் காற்றைத் திருப்பிவிடுவது. ரேடியேட்டர் வழியாகவோ சிலிண்டர் துடுப்புகள் (சூட்டை ஆற்றும் மெல்லிய தகடு வரிசை) வழியாகவோ வரும் சூடான காற்றை முழங்காலுக்கு வெளிப்பக்கம் தள்ளும். இது வண்டி ஓடும்போது மட்டும்தான் வேலை செய்யும். இன்னொன்று மறைப்புத் தகடு. பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த புகைக்குழாய்), சிலிண்டர் ஹெட் போன்றவை அடுப்புத் தணல்போல நேராக வீசும் அனலை மறைப்பது. இது நிற்கும்போதும் உதவும். ஊருக்குள் அதிகம் ஓட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். கடையில் வாங்கும் ஆயத்தத் தகடுகளில் பெரும்பாலானவை முதல் வகை.

எனக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தகடு வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். கண்டுபிடிக்காமல் போட்ட தகடு பெரும்பாலும் தவறான இடத்தில்தான் இருக்கும்.

முதலில் கால். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டியபின் இறங்கி, பேண்ட் துணியை எந்த இடத்தில் தொட்டால் அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். கெண்டைக்காலின் முன்பக்கம் என்றால் ரேடியேட்டர் காற்று. முழங்காலின் உள்பக்கம் என்றால் சிலிண்டர் ஹெட். கணுக்காலுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் என்றால் பெண்ட் பைப் அல்லது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தொடையின் உள்பக்கம், உட்காரும் இடம் என்றால் டேங்குக்கு அடியில் தேங்கிப் பின்னால் வரும் காற்று.

அடுத்து காற்றின் போக்கு. கம்பளி நூலை 10 செ.மீ. துண்டுகளாக ஒரு இருபது வெட்டி, ஒரு முனையை மட்டும் மாஸ்கிங் டேப்பால் டேங்கின் ஓரம், சைடு பேனல், கிராஷ் கார்டு, முழங்கால் பக்கத்துப் பேண்ட் என்று ஒட்டுங்கள். அதிகாலையில் காலியான சர்வீஸ் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். இன்னொரு வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் எடுக்கட்டும். நேராகப் பின்னால் நீளும் நூல் இருக்கும் இடத்தில் காற்று ஒழுங்காகப் போகிறது. சுழன்று முன்னால் மடங்கும் நூல் இருக்கும் இடத்தில் காற்று திரும்பி வருகிறது, சூடு தேங்குவது அங்கேதான். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி. அதைப் பளபளக்கும் குரோம் மீதோ அலுமினியம் மீதோ காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அளக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும். பெண்ட் பைப்பில் டேப் கருகிவிடும். அதை அளக்கத் தேவையும் இல்லை, அது சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும் என்பது தெரிந்ததே. அளக்க வேண்டியவை டேங்கின் அடி ஓரம், சைடு பேனல், ஃப்ரேம் குழாய், அதாவது உங்கள் கால் தொடும் இடங்கள். அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தகடு போட்டபின் அதே சாலை, அதே நேரம், அதே வேகத்தில் மறுபடி அளந்தால்தான் பலன் தெரியும்.

தகடு போடும் முன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

வழக்கத்தைவிடத் திடீரென்று அதிகம் சுடுகிறது என்றால் அது தகடு பிரச்சினை அல்ல, வண்டி பிரச்சினை. ஆயில் அளவு, கூலன்ட் அளவு, வால்வ் இடைவெளி, ஏர் ஃபில்டர், பெண்ட் பைப் சேரும் இடத்து கேஸ்கட், சிலிண்டருக்கும் இன்டேக்குக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அந்த ரப்பரில் வெடிப்பு இருந்தால் கலவையில் காற்று அதிகமாகி இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். பிரேக் பேட் டிஸ்கைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் இன்ஜின் வீணாக உழைக்கும்.

வட சென்னைக்காரர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ரேடியேட்டரை. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு சாலைகளில் ஓடும் வண்டியின் ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே நிலக்கரித் தூசியும் சாம்பலும் படியும். மழையில் நனைந்து காய்ந்தால் அது சிமென்ட் பூசியதுபோல இறுகிவிடும். பின்பக்கம் ஒரு டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். வெளிச்சம் புள்ளிப்புள்ளியாகக்கூட வரவில்லை என்றால் தகட்டை மறந்துவிட்டு முதலில் அதைக் கழுவுங்கள். இன்ஜின் முழுவதும் ஆறியபின், சாதாரண ஹோஸ் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட வேண்டும். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும். பழைய டூத் பிரஷ்ஷைத் துடுப்பு ஓடும் திசையிலேயே தேய்க்கவும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் துடுப்புகள் மடங்கி, காற்று போகும் வழி நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

புல்லட்டுக்கும் லிக்விட் கூல்டு வண்டிக்கும் ஒரே இடத்தில்தான் தகடு போடணுமா?

இல்லை. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

ஏர் கூல்டு இன்ஜின்: காற்றால் மட்டும் ஆறுவது. 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட்டுகள் முதல் இன்றைய 350கள் வரை இந்த வகை. இரண்டு சிலிண்டர் கொண்ட 650 ட்வின்கள் காற்றோடு ஆயில் கூலரையும் சேர்த்துக்கொண்டவை. இவற்றில் சிலிண்டர் துடுப்புகள்தான் ரேடியேட்டர். துடுப்புகளுக்கு முன்னால், கிராஷ் கார்டில் அகலமான தகட்டைக் கட்டக் கூடாது. காலுக்குக் காற்று படாமல் போவதோடு துடுப்புக்கும் காற்று போகாது. ஆயில் கூலர் முன்னால் எதுவுமே கூடாது. தகட்டின் இடம் சிலிண்டருக்குப் பக்கவாட்டில், துடுப்புகளின் பின் ஓரத்துக்கும் உங்கள் முழங்காலுக்கும் நடுவே. துடுப்பின் நுனியிலிருந்து குறைந்தது 40 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

லிக்விட் கூல்டு வண்டிகள்: ஹிமாலயன் 450, கே.டி.எம். 390, டாமினார் 400 போன்றவை. இன்ஜினை ஆற்றச் சுற்றிவரும் திரவமான கூலன்ட் சுமார் 100 டிகிரியை எட்டும்போது ஃபேன் ஓடத் தொடங்கும். ரேடியேட்டர் வழியே வந்த காற்று இன்ஜினில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து, நேராகக் கெண்டைக்காலில் அடிக்கும். தகடு ரேடியேட்டருக்குப் பின்னால், பக்கவாட்டில், முன் ஓரம் உள்ளேயும் பின் ஓரம் வெளியேயும் இருக்குமாறு 30 டிகிரி அளவில் சாய்ந்து நிற்க வேண்டும். அப்படிச் சாய்ந்த தகட்டின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, உள்ளே தேங்கும் சூட்டை அது இழுத்து வெளியே விடும். சாய்வு 45 டிகிரியைத் தாண்டினால் காற்று தகட்டின் பின்னால் சுழன்று தொடைக்கே திரும்பும். ஃபேன் காற்று வெளியேறும் வாயைத் தகடு மூடவே கூடாது.

ஹார்லி டூரிங் வண்டிகளில் தொல்லை தருவது பின் சிலிண்டர். அது கிட்டத்தட்ட சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதற்கென்றே டேங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் ஃப்ரேமோடு ஒட்டிப் பொருத்தும் சிறிய மிட் ஃப்ரேம் டிஃப்ளெக்டர்கள் உண்டு. ஓடும் காற்றைத் தொடைப் பக்கம் திருப்பி, சூட்டை விலக்குபவை அவை. அந்த வண்டிகள் பலவற்றில், நிற்கும்போது சூடு கூடினால் பின் சிலிண்டரைத் தானாக நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. காற்றைத் திருப்பும் தகடு வண்டி ஓடும்போதுதான் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எந்தத் தகடு வாங்குவது? எவ்வளவு தடிமன்?

கையால் செய்வதற்கு 5052 ரக அலுமினியம், 1.5 மி.மீ. தடிமன். நன்றாக வளையும், உப்புக் காற்றைத் தாங்கும். 6061 ரகத்தைக் கடைக்காரர் "ஸ்ட்ராங்" என்று கொடுப்பார். உண்மைதான், ஆனால் இறுக்கமாக வளைத்தால் மடிப்பில் வெடிக்கும். 1 மி.மீ.க்குக் கீழே போனால் 80 கி.மீ. வேகத்தில் படபடக்கும்.

பெண்ட் பைப்புக்கு 25 மி.மீ.க்குள் வரும் இடம் என்றால் அலுமினியம் வேண்டாம். 304 ஸ்டெயின்லெஸ், 0.8 மி.மீ. போதும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும், அதனால் உருகிவிடாது. ஆனால் அதற்கு வெகு முன்பே வலுவிழந்து தொய்ந்துவிடும்.

30 × 20 செ.மீ. அளவுள்ள 1.5 மி.மீ. அலுமினியத் தகடு கால் கிலோகூட வராது. 2 அடிக்கு 1 அடி வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் போதும், ஒன்று தவறிப்போனால் இன்னொன்று செய்யவும் துண்டு மிஞ்சும். பாரிமுனைப் பக்கத்து உலோகக் கடைகளில் எடைக்கு வெட்டுத் துண்டாகக் கேட்டால் மலிவு.

டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் தகடு அழகாக இருக்கிறதே?

அக்ரிலிக் வேண்டாம். சுமார் 100 டிகிரியில் இளகும், விழுந்தால் கூரான சில்லுகளாக உடையும், அதுவும் முழங்கால் பக்கத்தில். பாலிகார்பனேட் 3 மி.மீ. என்றால் காற்றைத் திருப்பும் தகடாகப் போடலாம், பெண்ட் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது இருக்க வேண்டும். அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று பெட்ரோல். இன்னொன்று போல்ட் கழலாமல் இருக்கப் போடும் த்ரெட்லாக்கர் திரவம். அது ஒரு சொட்டு பட்டால்கூட ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் கிளம்பி, தகடு ஒருநாள் தானாகக் கழன்று விழும். பாலிகார்பனேட் என்றால் லாக் நட் மட்டும் போடுங்கள். எம்6 போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை, நடுவே ரப்பர் குரோமெட்.

செய்து பொருத்துவது எப்படி? முழுசா சொல்லுங்க.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தேவையானவை: தகடு இரண்டு, ரப்பர் பொதிந்த பி-கிளாம்ப் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையப் பிடி) ஆறு, எம்6 × 30 போல்ட் ஆறு, அகல வாஷர் பன்னிரண்டு, லாக் நட் ஆறு, 10 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி விடும் குழல்) ஆறு, ஓரத்துக்கு யு வடிவ ரப்பர் பீடிங் 2 மீட்டர். பி-கிளாம்ப் வாங்கும் முன் கிராஷ் கார்டு அல்லது ஃப்ரேம் குழாயைச் சுற்றி நூல் போட்டு அளந்து, 3.14ஆல் வகுங்கள். நூல் 80 மி.மீ. வந்தால் குழாய் 25 மி.மீ. சும்மா கண்ணால் பார்த்து வாங்கினால் 22ஐ 25 என்று வாங்கிவருவீர்கள். தளர்ந்த கிளாம்ப் மெல்லத் திரும்பித் திரும்பிப் பெயிண்ட்டைத் தின்றுவிடும்.

முதலில் அட்டையில் செய்து பாருங்கள். கோதுமை மாவு, ஃபேன் வரும் அட்டைப்பெட்டிகள் சரியான தடிமன். சைடு ஸ்டாண்டில் அல்ல, வண்டியை நேராக நிறுத்தி, ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்து, ஷூவோடு கால் ஃபுட்ரெஸ்டில் இருக்கும்போது அட்டையைப் பிடித்துப் பாருங்கள். முழங்காலுக்கும் அட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். டேப்பால் ஒட்டிவிட்டு இவற்றைச் சோதியுங்கள்: ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பும்போது ஃபோர்க்கோ மட்கார்டோ தட்டுகிறதா? இரண்டு பேர் முன்னால் அழுத்தி ஃபோர்க்கை அமுக்கும்போது முன்சக்கரம் தட்டுகிறதா? கியர் லிவர், பிரேக் பெடல், சைடு ஸ்டாண்ட் தடையில்லாமல் அசைகின்றனவா? பிரேக் ஹோஸ், ஒயர், கிளட்ச் கேபிள் எதிலாவது உரசுகிறதா? பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை மறைக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துடுப்புகள் கொண்ட அந்தச் சிறிய பெட்டிக்கும் காற்று வேண்டும். அதை மூடினால் சில மாதங்களில் பேட்டரி சார்ஜ் ஏறாமல் நடுவழியில் நிற்க வேண்டி வரும்.

அட்டை சரியாக வந்தபின் தகட்டில் வரைந்து வெட்டுங்கள். மூலைகளை 10 மி.மீ. ஆரத்துக்காவது உருட்டுங்கள். வண்டி சாய்ந்தால் அந்த மூலை காலுக்குள் போகக் கூடாது. வெட்டிய ஓரத்தை அரம் போட்டு, விரலை ஓட்டினால் பிசிறு தட்டாத அளவுக்குத் தேய்க்கவும்.

வளைப்பதற்கு வைஸில் நேரடியாகப் பிடித்து அடிக்காதீர்கள். வைஸின் கூர்விளிம்பில் மடித்தால் மடிப்புக் கோடே பின்னால் விரிசலாகும். 6 மி.மீ. கம்பியையோ ஓரம் உருட்டிய மரக்கட்டையையோ வைத்து அதன்மேல் வளையுங்கள். மடிப்பின் உள் ஆரம் தகட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கையில் கருவி இல்லையென்றால் மாதவரம், மூலக்கடை பக்கம் லாரிப் பட்டறைகளில் உள்ள டின்கர்கள் அட்டை மாதிரியைப் பார்த்தே வளைத்துத் தருவார்கள்.

ஓட்டை 6.5 மி.மீ. தகட்டின் ஓரத்திலிருந்து ஓட்டையின் மையம் 13 மி.மீ. உள்ளே. ஒரு ஓட்டையை மட்டும் வட்டமாக விட்டு, மற்றவற்றை 2 மி.மீ. நீள்வட்டமாக அரத்தால் இழுங்கள். 30 செ.மீ. அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் அரை மி.மீ. நீளும். நீள இடமில்லை என்றால் வளைந்து நிற்கும், ஆறும்போது 'டிக் டிக்' என்று சத்தம் போடும்.

பொருத்தும் வரிசை: குழாயில் கிளாம்ப், அதன்மேல் ஸ்பேசர், வாஷர், தகடு, வாஷர், நட். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, தகட்டை இடத்துக்குக் கொண்டுவந்து, மேலே சொன்ன சோதனைகளை இன்னொரு முறை செய்து, பிறகு இறுக்கவும். பீடிங்கைக் கடைசியாக மாட்டுங்கள். ஃப்ரேமில் ஓட்டை போடுவதோ வெல்டிங் வைப்பதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

எவ்வளவு இறுக்கணும்? நைலாக் நட் போதுமா?

ரப்பர் கிளாம்ப்பில் எம்6 போல்ட்டுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் 10 நம்பர் ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கத் தொடங்கினால் அதிகம்.

நைலாக் நட்டின் பிடி அதிலுள்ள நைலான் வளையத்தில் இருக்கிறது. அது சுமார் 120 டிகிரிக்கு மேல் இளகிவிடும். சிலிண்டர் ஹெட், பெண்ட் பைப் பக்கம் முழு உலோக லாக் நட் போடுங்கள். பிளாஸ்டிக் கேபிள் டையும் அங்கே நிற்காது. ஸ்டீல் டைதான்.

பெண்ட் பைப்பில் வெப்பத் துணி சுற்றினால் என்ன?

சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. 38 மி.மீ. குழாய், 60 செ.மீ. நீளம், 50 மி.மீ. அகலத் துணி, 6 மி.மீ. மேற்பொருந்தல் என்றால் ஏறத்தாழ 1.7 மீட்டர் துணி போதும். ஆனாலும் இந்தக் கடலோரத்தில் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. துணி மழைத்தண்ணீரையும் உப்பு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே குழாய் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது, துணியைப் பிரிக்கும் நாளில்தான் தெரியும். ஆயில் கசிந்து துணியில் ஊறினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆக்சிஜன் சென்சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேல் சுற்றவே கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்ற வண்டிகளில் கன்வெர்ட்டர் பகுதி இயல்பிலேயே கடுமையாகச் சூடேறும். அதை மூடினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும்.

அதற்குப் பதில் ஸ்டெயின்லெஸ் மறைப்புத் தகட்டை, குழாயிலிருந்து 8 முதல் 10 மி.மீ. தள்ளி, ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் இரண்டால் பிடித்துவிடுங்கள். தடுக்கும் வேலையைச் செய்வது தகட்டைவிட அந்த நடுக்காற்றுதான். தகடு குழாயை ஒட்டிக்கொண்டால் அதுவும் பெண்ட் பைப் ஆகிவிடும்.

டேங்குக்கு அடியில் வெள்ளி ஃபாயில் ஒட்டலாமா?

ஒட்டலாம். கண்ணாடி இழை மேல் அலுமினியம் பூசிய, 5 மி.மீ. தடிமனுள்ள பசைத்தகடுதான் சரி. வீட்டுக் கூரைக்கு ஒட்டும் ஃபோம் எரியக்கூடியது, அது வேண்டாம். டேங்கைக் கழற்ற வேண்டியிருக்கும், பெட்ரோல் குழாய் இணைப்பைக் கையாளத் தெரியாதவர் மெக்கானிக்கிடமே விடட்டும். டேங்கின் காற்றுத்துளைக் குழாயை மூடக் கூடாது, திரும்ப மாட்டும்போது ஒயர் நசுங்கக் கூடாது. டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். எழும்பும் சூடு பின்னால் போக அதுதான் வழி.

தகட்டுக்கு மேட் கருப்பு அடிக்கலாமா?

இன்ஜினைப் பார்க்கும் பக்கம் பளபளப்பாகவே இருக்கட்டும். பளபளப்பான அலுமினியம் வரும் அனலில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். கருப்பு ஏறக்குறைய அந்த அளவை உறிஞ்சும். அழகுக்காகக் கருப்பு வேண்டுமென்றால் வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள், அதிலும் கொஞ்சம் நஷ்டம் உண்டு.

போட்டாச்சு. சிக்னலில் நின்றால் இன்னும் சுடுதே?

ஓடாத வண்டியில் ஓடாத காற்றைத் தகடு எப்படித் திருப்பும்? ரயில்வே கேட்டிலோ, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னாலோ இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்க வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நிமிடம் சூடு கூடுவதுபோல இருக்கும், காரணம் கூலன்டும் ஆயிலும் ஓடாமல் நின்றுவிட்டது. பிறகு இறங்கும். லாரியின் சைலன்சருக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் விலகி நில்லுங்கள்.

சென்னை மே மாதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தோலின் சூடு சுமார் 33 முதல் 35 டிகிரி. வெளியே 40 என்றால் காலில் படும் காற்று, இன்ஜினைத் தொடாத காற்றாக இருந்தாலும், காலைச் சூடாக்கும். குளிர்விப்பது வியர்வை உலர்வது மட்டுமே. கடற்காற்றின் ஈரத்தில் அதுவும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் அரைக்கால் சட்டை தீர்வே அல்ல. வெளிப்பக்கம் வலைத்துணியும் முழங்காலின் உள்பக்கம் தோலோ கனமான டெனிமோ வைத்துத் தைத்த ரைடிங் பேண்ட், தகட்டுக்கு நல்ல துணை.

எண்ணூர், காசிமேடு பக்கம் கடல் காற்றில் துருப்பிடிக்காதா?

ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும். ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான். சூடு குறைந்த இடங்களில் நைலான் வாஷர், சூடான இடங்களில் போல்ட்டுக்கு ஆன்டி சீஸ் பேஸ்ட் (போல்ட் இறுகிப்போகாமல் காக்கும் பசை) பூசுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்வாக வேகமாக ஏற்றினால் பற்றிக்கொண்டு நின்றுவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கும் அந்தப் பேஸ்ட்டே மருந்து. பித்தளை, செம்பு வாஷர் அலுமினியத்தோடு வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அதைக்கொண்டு கழுவி அப்படியே விடுவதும் கடல் காற்றும் ஒன்றுதான். துணியால் துடைத்துவிடுங்கள்.

சில வாரங்களில் தகடு கடகடன்னு சத்தம் போடுது. ஏன்?

ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் தொங்குகிற தகடு அதிரும். மூன்று இடத்தில், நேர்கோட்டில் அமையாமல் முக்கோணமாகப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மேல் ஓரத்தை 10 மி.மீ. மடித்துவிட்டாலும் தகட்டுக்கு விறைப்பு வரும். ஒரே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சத்தம் வந்தால் பீடிங் விலகியிருக்கிறதா பாருங்கள்.

மடிப்பிலோ ஓட்டையிலோ விரிசல் தெரிந்தால், விரிசல் முடியும் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. அது ஊர் திரும்பும் வரைக்கான வழி, வந்ததும் புதுத் தகடு செய்யுங்கள். கழன்ற தகடு முன்சக்கரத்துக்குள்ளோ செயினுக்குள்ளோ போனால் விளைவு மோசம்.

மழைக்காலத்தில் கழற்றிவிடலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பலர் காற்றைத் திருப்பும் தகடுகளைக் கழற்றிவிடுகிறார்கள், சரிதான். தேங்கிய தண்ணீரில் போகும்போது கீழே நீளும் தகடு தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடிக்கும். பெண்ட் பைப் மறைப்புத் தகடு மட்டும் இருக்கட்டும்.

போலீஸ், ஆர்.டி.ஓ., வாரண்டி பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றுவதை. போல்ட்டில் மாட்டிக் கழற்றும் சிறிய தகடு அந்த விவரம் எதையும் மாற்றாது. ஆனால் அது இண்டிகேட்டரையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கக் கூடாது, ஹேண்டில் அகலத்தைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. சைலன்சரை மாற்றுவது வேறு விஷயம், சூட்டைச் சாக்காக வைத்து அதைச் செய்யாதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஒயரிங்கை வெட்டி ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போடுவதும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்லும் பழைய யோசனையையும் கேட்காதீர்கள்.

பின்னால் உட்காருபவருக்கு என்ன செய்வது?

அவருக்குச் சுடுவது சைலன்சரும், முன்னால் இருப்பவரின் தகட்டில் பட்டுத் திரும்பிய காற்றும். தகடு போட்டபின் அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்க் கேளுங்கள். சேலையோ துப்பட்டாவோ சைலன்சர் மேல் விழாதபடி சேலை கார்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குழந்தையின் கால் சைலன்சருக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் அங்கே மறைப்புத் தகடு கட்டாயம்.

கால் சுட்டுவிட்டது. உடனே என்ன செய்ய?

60 டிகிரி உலோகத்தில் ஐந்து நொடி ஒட்டியிருந்தாலே தோல் வெந்துவிடும். 44 டிகிரிகூட மணிக்கணக்காக ஒட்டியிருந்தால் காயமாக்கும், அதனால் நீண்ட பயணத்தில் "லேசான சூடுதானே" என்று காலை ஒட்டியே வைத்திருக்காதீர்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் விடுங்கள், ஐஸ் வைக்க வேண்டாம். டூத் பேஸ்ட், இங்க், மாவு, காபித்தூள் எதுவும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், மூட்டின் மேல் பட்ட காயம், வெளுத்து உணர்ச்சியற்ற தோல் என்றால் நேராக மருத்துவமனை. வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கெனத் தனி வார்டு உண்டு.

பொருத்தியபின் பராமரிப்பு?

முதல் 100 கி.மீ.யில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், ரப்பர் அமுங்கியிருக்கும். பிறகு 500இல், அதன்பின் ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும். நட்டிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், குனிந்து பார்த்தாலே எது கழன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும்.